விளிம்பின் கணக்கு: ஃபிகர் ஸ்கேட்டிங்கில் காலடித் தொடரை அளப்பது எப்படி?

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ட்ரிபிள் லட்ஸ் என்னும் தாவல் காற்றில் ஒரு முழு வினாடிகூட நீடிப்பதில்லை. 2018-இல் வந்த மதிப்பெண் அட்டவணையில் அதன் அடிப்படை மதிப்பு 5.9. அதே அட்டவணையில், பனித்தளம் முழுவதையும் தழுவி அரை நிமிடமும் அதற்கு மேலும் ஓடுகிற காலடித் தொடர் உச்சமான நான்காம் நிலையை எட்டினால் 3.9 கிடைக்கும். நடுவர்கள் எல்லோரும் செயல்தரத்துக்கு முழு மதிப்பாகக் கூட்டல் ஐந்து போட்டாலும் அது 5.85-இல் நின்றுவிடும். அப்பழுக்கில்லாத காலடித் தொடர் ஒன்று, பாராட்டும் குறையும் இல்லாமல் செய்து முடித்த ஒரு ட்ரிபிள் லட்ஸின் மதிப்பைத் தொடாது.

மதிப்பெண் குறைவு என்பது மேலே தெரியும் பிரச்சினை. அடியில் இருப்பது அளவீட்டுப் பிரச்சினை. தாவலில் சுற்றுகளை எண்ணலாம். தரையிறங்கியபோது கால் சுற்று குறைந்ததா என்று படத்தை நிறுத்திப் பார்க்கலாம். சுழலிலும் சுற்றுகளை எண்ணலாம், உடல் நிலைகளைக் குறிக்கலாம். காலடித் தொடரிலோ பல பத்து நிகழ்வுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஓடுகின்றன. எது திருப்பம், எது வெறும் அடி, எது திருப்பம்போலத் தோன்றி நழுவியது என்று பிரித்துச் சொல்ல எதை நம்புவது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடை வைத்திருந்தது. இன்றைய விடை, திருப்பங்களை எண்ணிப் பட்டியலில் குறிப்பது. ஒரு திருப்பத்துக்கு முன்னும் பின்னும் ஸ்கேட்டர் நிற்கிற விளிம்பைப் படிக்காமல் அந்தத் திருப்பத்தைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது என்பதும், இன்றைய முறை விளிம்பைக் கணக்கில் எடுத்தாலும் அந்தக் கணக்கை வெளியே காட்டுவதில்லை என்பதும் நான் இங்கே நிறுவ விரும்புவது.

விளிம்பும் சாய்வும்

ஸ்கேட்டின் பிளேடு கத்தியைப் போலக் கூரானது என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் அடிப்பாகம் உண்மையில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலம். நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் அரைத்திருப்பார்கள். பள்ளத்தின் இரு கரைகளே இரண்டு விளிம்புகள். மற்றக் காலின் பக்கம் இருப்பது உள்விளிம்பு, எதிர்ப்பக்கம் இருப்பது வெளிவிளிம்பு. சைக்கிளில் வளைவு எடுப்பவர் உள்பக்கம் சாய்வதைப் போல ஸ்கேட்டரும் சாய்கிறார். சாய்ந்த பக்கத்து விளிம்பு பனியில் பதிய, பாதையும் அந்தப் பக்கமே வளைகிறது. சாயாமல் நேர்கோட்டில் போகிறவர் இரண்டு விளிம்புகளிலும் ஒருசேர, அதாவது தட்டையாக, நிற்கிறார். இந்த விளையாட்டில் அது குறை. இடக்கால் வலக்கால், முன்னோக்கி பின்னோக்கி, உள் வெளி என்று பெருக்கினால் மொத்தம் எட்டு விளிம்பு நிலைகள். ஸ்கேட்டிங்கின் அரிச்சுவடி இந்த எட்டும்தான்.

பிளேடு நீளவாக்கிலும் வளைந்தது. அந்த வளைவின் ஆரம் 2 மீட்டருக்குச் சற்று மேல். எந்தக் கணத்திலும் அதன் ஒரு சிறு பகுதிதான் பனியைத் தொடும். முன்னோக்கிப் போகும்போது எடையைப் பாதத்தின் முன்பகுதிக்கும், பின்னோக்கிப் போகும்போது குதிகால் பக்கத்துக்கும் நகர்த்தினால், அந்தத் தொடுபுள்ளியை அச்சாக வைத்து உடல் திரும்பிவிடும். ஒற்றைக்காலில் திரும்பும் அடிப்படை வகைகள் நான்கு: த்ரீ, ப்ராக்கெட், ராக்கர், கவுன்ட்டர்.

பாடநூல்கள் இவற்றைப் படம் போட்டு விளக்கும். படம் இல்லாமலே இரண்டு கேள்விகளில் பிரித்துவிடலாம். திரும்பிய பிறகு ஸ்கேட்டர் அதே வட்டத்தில் தொடர்கிறாரா, எதிர்ப்பக்கம் வளையும் புதிய வட்டத்துக்குப் போகிறாரா? திரும்பும்போது உடல் வட்டத்தின் போக்கோடு சுழன்றதா, போக்கை எதிர்த்துச் சுழன்றதா? அதே வட்டத்தில் போக்கோடு சுழன்றால் த்ரீ. அதே வட்டத்தில் எதிர்த்துச் சுழன்றால் ப்ராக்கெட். புதிய வட்டத்துக்குப் போக்கோடு சுழன்று போனால் ராக்கர். எதிர்த்துச் சுழன்று போனால் கவுன்ட்டர். முதல் இரண்டில் விளிம்பு மாறும்: வெளிவிளிம்பில் நுழைந்தவர் உள்விளிம்பில் வெளியேறுவார். அடுத்த இரண்டில் மாறாது. ஒவ்வொன்றையும் எட்டு விளிம்பு நிலைகளிலும் தொடங்கலாம் என்பதால் நான்கு வகையும் சேர்ந்து முப்பத்திரண்டாக விரிகின்றன.

வட்டம் மாறினால் விளிம்பு மாறாது, வட்டம் மாறாவிட்டால் விளிம்பு மாறும் என்பது முதலில் குழப்பும். கடினம் எங்கே இருக்கிறது என்பதும் இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. த்ரீயில் ஸ்கேட்டரின் உடல் வட்டத்தின் மையத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. திரும்பிய பிறகும் அதே மையத்தைப் பார்த்தே சாய்ந்திருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் சாய்வில் மாற்றமே இல்லை. முன்பக்கம் பின்பக்கமாகியிருக்கிறது, அதனால் பிளேடின் மறுவிளிம்பு வேலைக்கு வந்திருக்கிறது. ராக்கரிலும் கவுன்ட்டரிலும் மையமே பாதையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவுகிறது. அப்படியானால் உடலின் எடையும் திரும்பும் அந்தக் கணத்திலேயே பாதையைக் கடந்து மறுபக்கம் சாய வேண்டும். சுழற்சியையும் சாய்வு மாற்றத்தையும் ஒரே நொடிக்குள், ஒரே காலில் முடிக்க வேண்டும். ப்ராக்கெட்டில் சாய்வு மாறாது என்றாலும் வளைவு இழுக்கும் திசைக்கு எதிராகத் தோளும் இடுப்பும் முறுக்கிக்கொள்ள வேண்டும். கவுன்ட்டரில் இரண்டு தொல்லைகளும் சேர்ந்தே வருகின்றன. நான்கில் மிகக் கடினமானது எது என்று ஸ்கேட்டர்களைக் கேட்டால் ஆளுக்கு ஆள் விடை மாறும். இயக்கத்தின் கணக்குப்படி என் விடை கவுன்ட்டர்.

கால் மாற்றித் திரும்புபவை இரண்டு. மோஹாக்கில் வட்டமும் விளிம்பின் வகையும் மாறாது: வலக்கால் முன் உள்விளிம்பிலிருந்து இடக்கால் பின் உள்விளிம்புக்கு. சாக்டாவில் இரண்டுமே மாறும்: இடக்கால் முன் உள்விளிம்பிலிருந்து வலக்கால் பின் வெளிவிளிம்புக்கு. லூப் தனி வகை. அதில் பயணத் திசையும் விளிம்பும் மாறாமல், பெரிய வளைவுக்குள் ஒரு சிறு கண்ணியைக் கால் வரைந்துவிட்டு வெளியேறும். ட்விஸிலில் ஒற்றைக்காலில் சுழன்றுகொண்டே நகர வேண்டும். நகர்வு நின்றுவிட்டால் அது ஒரே இடத்துச் சுழலாகிவிடும்; ட்விஸில் என்று கணக்கில் வராது.

தடம் ஆவணமாக இருந்த காலம்

இந்த வடிவங்கள் இசைக்காகப் பிறந்தவை அல்ல. ராபர்ட் ஜோன்ஸ் 1772-இல் லண்டனில் ஸ்கேட்டிங் பற்றிய நூலை வெளியிட்ட காலத்திலிருந்தே, பனியில் என்ன கோடு வரைய முடியும் என்பதுதான் இந்தக் கலையின் மையக் கேள்வி. 1869-இல் வாண்டர்வெல், விதம் இருவரும் எழுதிய நூல் அந்தக் கோடுகளை ஓர் ஒழுங்குமுறையாகவே கட்டமைத்தது. 1892-இல் சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனம் உருவாகி, 1896-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் உலகப் போட்டி நடந்தபோது, கட்டாய வடிவங்கள் எனப்பட்ட இந்தக் கோடுகளே மதிப்பெண்ணில் பெரும்பங்கை வைத்திருந்தன.

சம்மேளனத்தின் பட்டியலில் 41 வடிவங்கள் இருந்தன. எட்டு என்ற எண்ணின் வடிவில் தொட்டுக்கொண்டிருக்கும் வட்டங்களை ஸ்கேட்டர் ஒவ்வொரு காலிலும் மூன்று முறை வரைய வேண்டும். இரண்டாம் மூன்றாம் முறைகளில் கோடு முதல் கோட்டின் மேலேயே விழ வேண்டும். அவர் விலகியதும் நடுவர்கள் பனியில் இறங்கி, குனிந்து, கோட்டைப் பார்ப்பார்கள். வட்டம் வட்டமாக இருக்கிறதா, திருப்பத்தின் முனை அச்சுக்கோட்டில் விழுந்ததா, ஒற்றைக் கோடாக இருக்க வேண்டிய இடத்தில் இரட்டைக் கோடு விழுந்து, கால் விளிம்பிலிருந்து தட்டைக்கு நழுவியதைக் காட்டிக்கொடுக்கிறதா? அத்தனைக்கும் சான்று பனியிலேயே கிடக்கும்.

பார்வையாளர்களுக்கு இதில் பார்க்க ஒன்றுமில்லை என்பது உண்மை. தொலைக்காட்சி வந்த பிறகு அந்த உண்மை பெரிதாகிவிட்டது. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் பியட்ரிக்ஸ் ஷூபா கட்டாய வடிவங்களில் பிடித்த முன்னிலையைக் கொண்டே தங்கம் வென்றார். ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் அவருக்குக் கிடைத்தது ஏழாம் இடம். பார்த்தவர்களின் மனத்தைக் கவர்ந்த அமெரிக்காவின் ஜேனட் லின் வெண்கலத்தோடு திரும்பினார். வடிவங்களைத் திரையில் பார்த்திராத ரசிகர்களுக்கு இது அநியாயமாகவே பட்டது. ஒருகாலத்தில் மொத்தத்தில் 60 சதவீதமாக இருந்த வடிவங்களின் பங்கு படிப்படியாகக் குறைந்தது. 1990-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நடந்த உலகப் போட்டியோடு அவை சர்வதேசப் போட்டிகளிலிருந்தே விடைபெற்றன.

ஷூபாவை இன்றும் கேலியாகக் குறிப்பிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் செய்தது அக்காலத்து விளையாட்டு எதைத் திறமை என்று வரையறுத்ததோ அதைத்தான், அதுவும் யாரும் மறுக்க முடியாத அளவுக்கு. வடிவங்கள் போனதால் காட்சிச் சுவைக்கு நட்டமில்லை. அளவீட்டுக்குத்தான் பெரிய நட்டம். தீர்ப்பு சரியா என்று கோட்டைக் காட்டிக் கேட்கும் வழி அதோடு அடைபட்டது. 2015-இல் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் தொடங்கி, கறுப்புப் பனியில் நடக்கும் வடிவப் போட்டிகளைப் பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும்: கறுப்புத் தளத்தில் வெள்ளைக் கோடாக ஒவ்வொரு திருப்பத்தின் முனையும் தெளிந்து நிற்கிறது. திருப்பங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அந்தப் படங்களை மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பேன்.

எண்ணிக்கையின் ஆட்சி

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் ஜோடிப் பிரிவில் நடுவர் தீர்ப்பு சர்ச்சையாகி, கனடிய ஜோடிக்கு இரண்டாவது தங்கம் கொடுக்கும் அளவுக்குப் போனது. ஆறு மதிப்பெண்ணை உச்சமாகக் கொண்ட பழைய முறைக்கு அதுவே முடிவு கட்டியது. 2004-இல் சம்மேளனம் புதிய முறையை ஏற்றது. 2006 டூரின் ஒலிம்பிக் அதன்படி நடந்தது. இப்போது மூவர் கொண்ட தொழில்நுட்பக் குழு ஒன்று, செய்தது என்ன, எந்த நிலையில் என்று அடையாளம் காண்கிறது. நடுவர்கள் அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று மட்டும் மதிப்பிடுகிறார்கள். காலடித் தொடர் முதன்முறையாக உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்க்கப்பட்டது இதன் பிறகுதான். அதற்கு முன் வர்ணனையாளர்களுக்கே அது "அழகான கால்வேலை" என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துபோன விஷயம்.

ஒற்றையர் பிரிவில் 2018-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருந்த விதியை எடுத்துக்கொள்வோம். கடினமானவை என்று ஆறு வகைகளே ஏற்கப்படும்: ட்விஸில், ப்ராக்கெட், லூப், கவுன்ட்டர், ராக்கர், சாக்டா. த்ரீக்கும் மோஹாக்குக்கும் இடமில்லை. ஒரு வகை இரண்டு முறைக்கு மேல் எண்ணப்படாது. முதல் நிலைக்கு ஐந்து, இரண்டாவதுக்கு ஏழு, மூன்றாவதுக்கு ஒன்பது, நான்காவதுக்குப் பதினொன்று வேண்டும். நான்காவதில் ஐந்து வகைகளை இரண்டு சுழல்திசைகளிலும் செய்துகாட்ட வேண்டும். ஆறு வகையை இரண்டு முறை செய்தால் பன்னிரண்டு. அதாவது நான்காம் நிலையை நாடுபவர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இரண்டு முறை செய்தாக வேண்டும். தவறவிட ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம். இதற்கு மேல் மூன்று நிபந்தனைகள்: இரு திசையிலும் முழு உடல் சுழற்சி தலா மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு, மேலுடல் அசைவு மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு, ஒவ்வொரு காலிலும் மூன்று கடினத் திருப்பங்கள் இடைவெளியின்றிக் கோர்த்த ஒரு கோவை.

இந்தக் கோவைதான் பகுப்பாய்வின் உச்சப் பரீட்சை. ஒரு திருப்பம் எந்த விளிம்பில் முடிகிறதோ அதே விளிம்பில் அடுத்தது தொடங்க வேண்டும். இடையில் விளிம்பு மாற்றமோ கால் மாற்றமோ கூடாது. மூன்றும் ஒரே வகையாக இருக்கவும் கூடாது. ஓர் எடுத்துக்காட்டு. வலக்கால் முன் வெளிவிளிம்பில் நுழைந்து ப்ராக்கெட். அது பின் உள்விளிம்பில் முடியும். அங்கிருந்து ராக்கர், அது முன் உள்விளிம்பில் முடியும். அங்கிருந்து கவுன்ட்டர், அது பின் உள்விளிம்பில் முடியும். தளத்தில் இது மூன்று வட்டங்களின் துண்டுகளாக விழும். முதல் திருப்பத்தில் உடல் இடமாகவும், அடுத்த இரண்டில் வலமாகவும் சுழலும். சாய்வு முதலில் மாறாமல் நிற்கும், பிறகு இரண்டு முறை பக்கம் மாறும். இவ்வளவும் ஒரே காலில், ஊன்ற வேறு எதுவும் இல்லாமல், சில வினாடிகளில்.

இதில் ஒரு சிறு நழுவல் என்ன செய்யும் என்று பாருங்கள். ராக்கரை முடித்த ஸ்கேட்டர் முன் உள்விளிம்பில் நிற்க வேண்டிய இடத்தில் சாய்வை மாற்ற முடியாமல் வெளிவிளிம்பில் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பின் உள்விளிம்பிலிருந்து முன் வெளிவிளிம்புக்கு, அதே வட்டத்தில், போக்கோடு சுழன்று வந்தால் அது த்ரீ. அரங்கில் இருப்பவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. திரும்பினார், அழகாக இருந்தது, அவ்வளவுதான். கணக்கிலோ ஒரு ராக்கர் போயிற்று, அந்தக் காலின் கோவை போயிற்று, பன்னிரண்டில் ஒன்றுக்கு மட்டுமே இருந்த சலுகையும் போயிற்று. கவுன்ட்டர் இதேபோல நழுவினால் ப்ராக்கெட் ஆகிவிடும். ராக்கர், கவுன்ட்டர் என்று பெயர் சொல்லிச் செய்யப்படுகிறவற்றில் பல, திரும்புவதற்குச் சற்று முன்போ பின்போ தட்டையாகிவிடுகின்றன. திருப்பத்தின் பெயரை முடிவு செய்வது திரும்பும் கணமன்று, அதற்கு இருபுறமும் உள்ள வளைவு. குழுவினர் பார்ப்பதும் அதைத்தான். ஆனால் வேகமாக ஓடும் காட்சியில், குறுகிய நேரத்தில், தளத்தின் ஒரு பக்கத்தில் அமர்ந்து பார்க்கிறார்கள். எதிர்க்கோடியில் முதுகு காட்டிப் போகிறவரின் பிளேடு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதில் நேர்மையான இருவர் மாறுபடுவது இயல்பு.

மதிப்பெண்களை வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. மூன்றாம் நிலைக்கு 3.3, நான்காவதுக்கு 3.9, இடைவெளி 0.6. செயல்தரத்தில் ஒரு படி என்பது அடிப்படை மதிப்பில் பத்தில் ஒரு பங்கு. மூன்றாம் நிலையைக் கூட்டல் ஐந்தோடு செய்தவருக்கு 4.95, நான்காம் நிலையைக் கூட்டல் இரண்டோடு செய்தவருக்கு 4.68. ஆழமான விளிம்புகளோடு நிதானமாகச் செய்த எளிய தொடர், நெரிசலான கடினத் தொடரை வெல்ல விதியிலேயே வழி இருக்கிறது. கூட்டல் நான்குக்கும் ஐந்துக்கும் கட்டாயமான மூன்று தகுதிகளில் முதலாவதே ஆழமான விளிம்பும் சுத்தமான திருப்பமும். இசையோடு பொருந்துதலும் சிரமம் தெரியாத ஓட்டமும் மற்ற இரண்டு. இருந்தும் பெரும்பாலான நடன அமைப்பாளர்கள் நான்காம் நிலையைக் குறிவைத்தே கட்டுகிறார்கள். நிலை உறுதியாகக் கையில் கிடைப்பது, செயல்தரம் நடுவர் மனத்தைப் பொறுத்தது என்பது அவர்கள் கணக்கு. விளைவு கண்கூடு. ஒருவர் தொடரும் மற்றவர் தொடரும் ஒன்றுபோல் ஆகின்றன. மேலுடல் அசைவு என்ற நிபந்தனைக்காகக் கைகள் இசைக்குச் சம்பந்தமில்லாமல் வீசப்படுகின்றன. ஒரு விளிம்பு பதிந்து நிற்பதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடுகிறது.

பட்டியலுக்குள் வராதவை

2002-இல் தங்கம் வென்ற ரஷ்யாவின் அலெக்ஸி யாகுடின், "வின்டர்" என்ற குறுநிகழ்ச்சியில் ஆடிய கால்வேலையை இன்றும் தேடிப் பார்ப்பவர்கள் உண்டு. தாத்யானா தராசோவாவின் பயிற்சி, நிகோலாய் மொரோசோவின் நடன அமைப்பு. பிளேடின் முன்பற்களில் ஏறி இசையின் விரைவுக்கு ஓடும் அடிகள் அதில் உண்டு. இன்றைய பட்டியலை வைத்துப் பார்த்தால் முன்பல் ஓட்டத்துக்குக் கடினத் திருப்பம் என்ற வகையில் எதுவும் சேராது, அதில் விளிம்பே இல்லை என்பதால். பட்டியல் தவறு என்று இதனால் சொல்லிவிட முடியாது. விளிம்பு நுட்பத்தை அளக்கும் கருவி, விளிம்பில்லாத நுட்பத்தைப் பிடிக்காது. அந்தக் கருவி ஒன்றையே காலடித் தொடர் முழுவதற்கும் தீர்ப்பாக வைக்கும்போதுதான் கோளாறு.

சம்மேளனத்துக்கும் இது தெரியாமல் இல்லை. நிலை எதுவும் பாராமல் நிலையான மதிப்பு தரும் நடனத் தொடர் ஒன்றை ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் சேர்த்தது. 2018 முதல் அதன் அடிப்படை மதிப்பு 3.0. எண்ணிக்கைத் தொல்லையில்லாத அந்தத் தொடர்களில் ஸ்கேட்டர்கள் மூச்சுவிடுவதைப் பார்க்கலாம். ஆனால் எண்ணிக்கைக்குள் இருந்துகொண்டே இசையைக் காப்பாற்றியவர்களும் உண்டு. அவர்களே எனக்குப் பெரிய சான்று. 2014 சோச்சியில் குறுநிகழ்ச்சியில் பதினாறாம் இடத்துக்குச் சரிந்த மாவோ அசாதா, மறுநாள் ராக்மானினாஃபின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவை எடுத்துக்கொண்டு வந்து ஆடியதன் இறுதிப்பகுதி ஒரு காலடித் தொடர். இசை பெருகப் பெருக அடிகளும் பெருகுகின்றன. விதி கேட்ட திருப்பங்கள் உள்ளே இருக்கின்றன, ஆனால் அவற்றைத் தனியே பிரித்தெடுக்கக் கண்ணுக்கு மனம் வருவதில்லை.

கனடாவின் பேட்ரிக் சான் இன்னொரு பாடம். அவருடைய சிறுவயதுப் பயிற்சியாளர் ஆஸ்போர்ன் கோல்சன் வடிவங்கள் கோலோச்சிய தலைமுறையைச் சேர்ந்தவர், விளிம்புப் பயிற்சிக்கு முதலிடம் தந்தவர். 2011 முதல் 2013 வரை தொடர்ந்து மூன்று முறை உலகப் பட்டம் வென்ற சானின் ஓட்டத்தில், ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் வேகம் கூடுவது தெரியும். பெரும்பாலோருக்குத் திருப்பம் வேகத்தைத் தின்னும். சுத்தமான விளிம்பில் முடிகிற திருப்பம் அடுத்த உந்தலுக்கான அழுத்தத்தைத் தானே தருகிறது என்பதே இந்த வேறுபாட்டின் காரணம். வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பதைக் கவனிப்பது, பிளேடு தெளிவாகத் தெரியாத தூரத்திலிருந்தும் விளிம்பை ஊகிக்க உதவும் நல்ல வழி. 2022 பெய்ஜிங்கில் அமெரிக்காவின் ஜேசன் பிரவுன் நான்கு சுற்றுத் தாவல் எதுவும் இல்லாமல் குறுநிகழ்ச்சியில் 97.24 பெற்று, மொத்தத்தில் ஆறாவதாக வந்ததும் இங்கே சேரும். காலடித் தொடருக்கென்று கிடைக்கும் அந்த நான்கு ஐந்து மதிப்பெண்ணில் மட்டும் கால்வேலை வாழவில்லை. 2022-23 பருவத்தில் மூன்றாகச் சுருங்கிய கூறு மதிப்பெண்களில் ஸ்கேட்டிங் திறன் என்பது விளிம்பின் தெளிவையும் ஓட்டத்தையும் நிகழ்ச்சி முழுவதற்கும் சேர்த்தே எடைபோடுகிறது. நான் முதலில் சொன்ன 5.85 கணக்குக்கு இது ஓரளவு ஈடு. ஓரளவுதான், ஏனென்றால் இங்கே எந்தத் திருப்பத்துக்காக எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை.

கணினி எதைப் பார்க்கிறது

மனிதக் கண்ணுக்குத் தவறுவதைக் கணினி பிடிக்குமா? இதுவரை நடந்த ஆய்வு பெரும்பாலும் தாவலின் பின்னாலேயே போயிருக்கிறது. 2019 சைதாமா உலகப் போட்டியில் ஜப்பானியத் தொலைக்காட்சி தாவலின் உயரம், தூரம், தரையிறங்கும் வேகம் மூன்றையும் உடனுக்குடன் திரையில் காட்டியது. கல்வித்துறையில் 2014-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 150 ஸ்கேட்டிங் காணொளிகளைக் கொண்டு மதிப்பெண்ணைக் கணிக்க முயன்றார்கள். பிறகு 500 குறுநிகழ்ச்சிகளைக் கொண்ட ஃபிஸ்-வி தொகுப்பு வந்தது. எஃப்.எஸ்.டி.-10 என்ற தொகுப்பில் பத்து வகை அசைவுகள் உண்டு. அங்கேயும் மூன்றாம் நிலைக் காலடித் தொடர் என்பது ஒற்றைப் பெட்டி. அதற்குள் எத்தனை ராக்கர், எந்தக் காலில் என்ற பிரிவினை இல்லை.

பிளேடு ஒளிபரப்புப் படத்தில் சில புள்ளிகளே இடம் பிடிக்கிறது, கேமரா ஸ்கேட்டரோடு நகர்வதால் பாதையின் வளைவு படத்தில் அழிந்துவிடுகிறது என்பவை வழக்கமாகச் சொல்லப்படும் தடைகள். முதல் தடை நினைக்கும் அளவுக்குப் பெரிதில்லை. எந்தக் கால் பனியில் இருக்கிறது, உடல் எந்தப் பக்கம் பார்க்கிறது, பாதை எந்தப் பக்கம் வளைகிறது என்ற மூன்றும் தெரிந்தால் விளிம்பு தானே தெரிந்துவிடும். வலக்காலில் முன்னோக்கிப் போகிறவரின் பாதை வலப்பக்கம் வளைந்தால் அது வெளிவிளிம்பாகத்தான் இருக்க முடியும். ஆகவே பிளேடைப் பார்க்கத் தேவையில்லை, பாதையைப் பார்த்தால் போதும். தளத்தின் மேலே அசையாத கேமராக்கள் இருந்தால், 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பரப்பில் பாதத்தின் தடத்தைக் கோடாகவே வரைந்துவிடலாம். 1990-இல் தொலைந்த ஆவணம் இப்படித் திரும்பக் கிடைக்கும். சிக்கல் நிற்கும் இடம் வளைவு மிகக் குறுகியதாகவும் தட்டையாகவும் இருக்கும் துண்டுகள். மனிதர்களுக்குள் சண்டை வருவதும் சரியாக அங்கேதான். திருப்பத்துக்கு முன்னும் பின்னும் எவ்வளவு நீள வளைவு இருந்தால் அதை விளிம்பு என்று ஏற்பது என்பதற்கு விதி ஓர் அளவு சொல்லாதவரை, கணினியும் யாரோ ஒருவரின் பழக்கத்தையே பின்பற்றும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு சீர்திருத்தம் உண்டு. ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் வெளியாகும் மதிப்பெண் தாளில் ஒற்றையரின் காலடித் தொடர், எந்த நிலை என்ற ஒற்றைக் குறிப்போடு முடிந்துவிடுகிறது. மூன்றாம் நிலை கிடைத்தவர் எதைத் தவறவிட்டார்? இடக்கால் கோவையா, பத்தாவதாக வந்த லூப்பா, சுழல்திசையா? தாளில் விடை இல்லை. ஆனால் ஐஸ் டான்ஸில் எல்லா ஜோடிகளும் ஒரே அமைப்பை ஆடும் பாங்கு நடனங்களுக்கு, விதி குறித்துவைத்த முக்கிய இடங்கள் ஒவ்வொன்றிலும் ஆம், இல்லை, தாளம் தவறியது என்று தாளிலேயே அச்சிடுகிறார்கள். பயிற்சியாளர் அதைப் பார்த்து, இந்த இடத்தில் இந்த விளிம்பு என்று விரல் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடிகிறது. ஒற்றையர் தொடருக்கும் இதைச் செய்யத் தனிக் கருவி வேண்டாம். பதினொன்றை எண்ணாமல் நான்காம் நிலையைத் தர முடியாது என்பதால், எது ஏற்கப்பட்டது எது தள்ளப்பட்டது என்ற பட்டியல் தீர்ப்பின்போது குழுவினரிடம் உருவாகிவிடுகிறது. ஏற்ற திருப்பங்களின் பெயர், கால், சுழல்திசை ஆகியவற்றோடு அதை ஒரு வரியாக அச்சிட்டால், ஸ்கேட்டர் காணொளியை எடுத்துவைத்து, தள்ளப்பட்ட ராக்கரின் வெளியேறும் வளைவைத் தானே பார்த்துக்கொள்வார்.